கார் இல்லாத சிங்கப்பூர்வாசிக்கு மடக்கு கடல் கயாக்: எதை வாங்குவது, எதை விடுவது

கேள்வி இதுதான்: நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, பத்தாவது மாடி, கார் கிடையாது. வார இறுதியில் சாங்கி, புலாவ் உபின் பக்கம் துடுப்புப் போட வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை கிராபி, லங்காவி என்று விமானத்திலும் எடுத்துப்போக வேண்டும். 78 கிலோ எடை, 175 செ.மீ. உயரம், வாடகைக் கயாக்கில் ஓரளவு பழக்கம் உண்டு. எந்த மடக்கு கயாக் சரிப்படும்?

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். அலுமினியக் குழாய்ச் சட்டகமும் பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூசிய உறையும் கொண்ட ஒற்றையாள் கயாக், நீளம் 4.5 முதல் 4.9 மீட்டர், அகலம் 57 முதல் 64 செ.மீ.; படகு மட்டும் 16 முதல் 22 கிலோ. பணம் இடிக்கிறது என்றாலோ 20 நிமிடத்தில் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றாலோ, ஓரு நிறுவனத்தின் கோஸ்ட் எக்ஸ்டி என்ற பிளாஸ்டிக் தகட்டுக் கயாக். அதையும் மிதவைப் பைகளோடு வாங்க வேண்டும். கிளெப்பர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மரச்சட்டகப் படகு உங்கள் வீட்டுக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இந்த முடிவு கடலிலிருந்து வரவில்லை, உங்கள் குளியலறையிலிருந்து வருகிறது. விற்பவர்கள் நீளம், வேகம், எடை என்று அடுக்குவார்கள். நனைந்த படகை வீட்டில் எங்கே காயப்போடுவீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 4.8 மீட்டர் உறையைச் சுருட்டிப் பையில் போட்டு நாலு நாள் மறந்துவிட்டால், மேல்தளத் துணியின் தையலிலும் உள்ளே இருக்கும் பட்டைகளிலும் பூஞ்சை பிடித்துவிடும். கறுப்புப் புள்ளி விழுந்தால் போகாது, நாற்றமும் லேசில் விடாது. தாழ்வாரத்தில் விரித்துப் போடலாமா என்றால், பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழியைக் காலியாக விடச் சொல்வது தீயணைப்பு விதி. அண்டை வீட்டார் பொறுத்துக்கொண்டாலும் நகர மன்றம் பொறுக்காது. ஆகவே வரவேற்பறையில் ஒரு இரவு, சோபாவைத் தள்ளிவிட்டு, மூலைக்கு மூலை 5 மீட்டர் இடம் கிடைக்குமா என்று இப்போதே டேப்பால் அளந்து பாருங்கள். கிடைக்காவிட்டால் உறை வகையே வேண்டாம். ஈரத்தைத் துணியால் துடைத்ததும் மடித்து வைக்கக்கூடிய பிளாஸ்டிக் தகட்டு வகைக்குப் போய்விடுங்கள்.

மடக்குப் படகு கடலைத் தாங்குமா என்ற சந்தேகம் சிங்கப்பூரில் எழவே கூடாது. 1943 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு இந்தத் துறைமுகத்துக்குள் ஆறு பேர் மூன்று மடக்குக் கயாக்குகளில் நுழைந்து ஜப்பானியர் வசமிருந்த கப்பல்களில் காந்தக் கண்ணிவெடி ஒட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஆபரேஷன் ஜேவிக் என்பது அந்தத் தாக்குதலின் பெயர். அதற்கு முன்பே ஜெர்மானியர் ஆஸ்கர் ஸ்பெக் 1932இல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் மடக்குக் கயாக்கை இறக்கி, இந்திய, இலங்கைக் கரைகளையும் ஒட்டி வந்து, 1939இல் ஆஸ்திரேலியாவின் வட முனையைத் தொட்டார். ஆனால் ஒரே படகு அத்தனை தூரமும் வரவில்லை. வழியில் பலமுறை புதுப்படகு மாற்ற வேண்டியிருந்தது. உறை தேயும் பொருள்தான் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி வகைகள். ஆஷ் மரமும் பிர்ச் பலகையும் சேர்ந்த சட்டகம், பருத்தி மேல்தளம், ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் அடிப்பகுதி என்பது கிளெப்பர் மரபு. இருவர் உட்காரும் ஏரியஸ் 2 என்ற படகு 5.2 மீட்டர் நீளம், 87 செ.மீ. அகலம், 30 கிலோவுக்கு மேல் எடை. பைகளும் ஒன்றுக்கு மேல் ஆகும். பல பத்தாண்டு உழைக்கும், எந்தக் குச்சி உடைந்தாலும் தச்சரே செய்து தருவார். ஆனால் இந்த ஈரப்பதத்தில் பருத்தித் தளமும் வார்னிஷ் உரிந்த மரமும் ஓயாத வேலை வைக்கும். கார், கிடங்கு, கூட வர இன்னொருவர் ஆகிய மூன்றும் உள்ளவருக்குத்தான் அது.

அலுமினியக் குழாய் வகையில் வான்கூவரின் ஃபெதர்கிராஃப்ட் ஒரு காலத்தில் அளவுகோலாக இருந்தது, இப்போது மூடப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் ஃபோல்பாட்டும் அப்படித்தான். அவற்றுக்குப் பின் வந்தவற்றில் கடல் கயாக்கின் குணம் அதிகம் உள்ளது கனடாவின் டிராக் 2.0: சுமார் 4.9 மீட்டர், 57 செ.மீ. அகலம். உள்ளே மூன்று ஹைட்ராலிக் ஜாக்குகள், அதாவது திரவ அழுத்தத்தால் சட்டகத்தைத் தள்ளும் நெம்புகோல் கருவிகள். அவற்றை ஏற்றினால்தான் உறை இறுகும். நடுக்கடலில் உட்கார்ந்தபடியே அடிப்பகுதியின் வளைவையும் மாற்றலாம். பக்கக் காற்றடித்தால் ஒரு பக்கம் லேசாக வளைத்துவிட்டு நேராகப் போகலாம் என்பது வெறும் விளம்பரமில்லை, உண்மையிலேயே வேலை செய்கிறது. குறை எடையில்: படகே 22 கிலோவை ஒட்டி. பை, துடுப்பு, மிதவைப் பை சேர்ந்தால் 23 கிலோ பயணப்பெட்டி வரம்பைத் தாண்டும்.

ஓரு என்பது இரட்டைச் சுவர் பாலிப்ரொப்பிலீன் தகட்டைக் காகிதம்போல் மடித்துச் செய்வது. கோஸ்ட் எக்ஸ்டி 4.9 மீட்டர் நீளம், 63 செ.மீ. சொச்சம் அகலம், 15 கிலோ சொச்சம் எடை. குழாய் கிடையாது, துருவும் கிடையாது. ஒரு துண்டால் துடைத்தால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். சிக்கல் பழுது பார்ப்பதில். பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசை ஒட்டாது. உபின் கரையோரச் சிப்பிப் பாறையில் இழுத்துக் கிழித்தால் டேப்தான் கதி. அலையில் தகடு லேசாக உள்ளும் வெளியுமாக அமுங்குவதையும் உணர்வீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வேகம் கொஞ்சம் அதில் போகும். காற்றடைக்கும் கயாக்குகள் இன்னும் எளிதானவைதான். அகன்று உயர்ந்து நிற்பதால் எதிர்க்காற்று வந்தால் அவை பின்னுக்கே போகும். சிறு ஏரிக்கு நல்லவை, இங்கே பேச்சுக்கு வேண்டாம்.

சுமப்பது அடுத்த கணக்கு. தானா மேரா நிலையத்தில் இறங்கி 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் போவதுதான் உங்கள் வழக்கமான பாதையாக இருக்கும். மடக்கு சைக்கிளுக்கு ரயிலில் உள்ள 120 × 70 × 40 செ.மீ. வரம்பையே உங்கள் பைக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்கும் பையோடு போனால் மற்ற பயணிகளுக்கும் இடைஞ்சல் இல்லை. படகின் எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். துடுப்பு ஒரு கிலோ, லைஃப் ஜாக்கெட் ஒரு கிலோ, மிதவைப் பைகள், கைப்பம்பு, கயிறு, மூன்று லிட்டர் தண்ணீர் என்று சேர்த்தால் எப்படியும் 7, 8 கிலோ கூடிவிடும். 22 கிலோ படகு 30 கிலோவாகத் தோளில் ஏறும். பையில் சக்கரம் இருந்தாலும் மணலில் அது உருளாது. விமானத்தில் பல நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டல் 158 செ.மீ. என்ற வரம்பு வைத்திருக்கின்றன. டிராக்கின் கோல்ஃப் பை போன்ற பையும், மடித்த ஓருவும் அதைத் தாண்டும். பெரும்பாலும் விளையாட்டுச் சாமான் கணக்கில் ஏற்றிக்கொள்வார்கள், ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே அதைச் சொல்லிப் பதிந்துவிட வேண்டும். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் எடுக்காத நிறுவனங்களே அதிகம்.

அடுத்து வருவதில் பேரமே கிடையாது. கெட்டி உடல் கொண்ட கடல் கயாக்கில் முன்னும் பின்னும் நீர்புகாத் தடுப்புச் சுவர்கள் இருக்கும். மடக்குக் கயாக்கில் அவை கிடையாது. ஓருவில் உள்ள தடுப்புகளும் நீர்புகாதவை அல்ல. கவிழ்ந்தால் முனைக்கு முனை ஒரே தொட்டி. 4.8 மீட்டர் படகுக்குள் 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் புகுந்துவிடும். கைப்பம்பு நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் இறைக்கும் என்று வைத்தால் ஏழு நிமிட வேலை. அந்த ஏழு நிமிடமும் இரு கையும் பம்பில் இருக்கும், துடுப்பு பிடிக்கக் கை இருக்காது, அடுத்த அலை மறுபடியும் உள்ளே கொட்டும். அதனால் முன்முனைக்கு ஒன்றும் பின்முனைக்கு ஒன்றும் கூம்பு வடிவ மிதவைப் பைகள் கட்டாயம். உள்ளே வைத்து ஊதிய பிறகு கயிற்றால் சட்டகத்தோடு கட்டிவிடுங்கள். கட்டாத பை, படகு நிறைந்ததும் காக்பிட் (ஆள் உட்காரும் திறப்பு) வழியாக மிதந்து வெளியே போய்விடும்.

முடிந்தால் சீ சாக் என்ற காலுறைப் பையும் வாங்குங்கள். காக்பிட் விளிம்பில் மாட்டிக்கொண்டு அதற்குள் கால் நீட்டி உட்கார வேண்டும். கவிழ்ந்தால் தண்ணீர் அந்தப் பைக்குள் மட்டும்தான் நிற்கும். கரையேறும்போது காலில் ஒட்டிய மணல் சட்டகத்துக்குள் போகாமல் தடுப்பதும் அதுதான். தொடக்கத்தில் கால் சிக்கிவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். வெறும் பை, கால் உருவினால் வந்துவிடும். ஆழமில்லாத இடத்தில், பக்கத்தில் ஆள் நிற்க, இரண்டு முறை கவிழ்ந்து பாருங்கள், பயம் போய்விடும். வெயிலில் சீ சாக் புழுக்கம்தான், அதை மறைப்பதற்கில்லை.

நீளம், அகலம் பற்றி ஒரு கணக்கு. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைப்பது அந்த உடலின் வேக உச்சம், நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில். 3.4 மீட்டர் நீர்மட்டம் உள்ள குட்டைப் படகுக்கு ஏறக்குறைய 4.5 நாட், 4.5 மீட்டருக்கு 5.1. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் நாள் முழுக்க யாரும் உச்சத்தில் போவதில்லை, மூச்சு வாங்காமல் போகும் வேகம் 3 நாட்டை ஒட்டித்தான். குட்டை அகலப் படகில் அந்த 3 நாட்டுக்கே உடம்பு நோகும். சிங்கப்பூரின் தென் தீவுகளுக்கிடையே ஏற்றம் வற்றம் உச்சமாக உள்ள நாட்களில் சில இடங்களில் நீரோட்டமே 3 நாட்டைத் தாண்டும். அதற்கு எதிராக எந்தக் கயாக்கும் ஜெயிக்காது. ஓத அட்டவணை பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். கணக்கு அரைமணி தவறினாலும் பக்கவாட்டில் தப்பித்து வர உதவுவது நீளமான குறுகிய உடல்தான்.

அதே சமயம் 57 செ.மீ. அகலம் பழகாதவருக்கு ஆட்டம் காட்டும். உங்கள் பழக்கத்துக்கு 60 முதல் 64 வரை வசதி. 70க்கு மேல் போனால் பெரிய கப்பல் அலைகளில் நிலையாக இருப்பதுபோல் தெரியும், சுமத்ரா சூறைக்காற்று வந்தால் திண்டாடுவீர்கள். மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வரை வீசும் இந்தக் காற்று ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான் அதிகம், பெரும்பாலும் விடியலிலும் காலையிலும். நீங்கள் துடுப்புப் போட நினைக்கும் நேரமும் அதுதான். சுக்கான் உள்ள படகாகப் பாருங்கள். உறைப் படகுகள் லேசானவை, பக்கக் காற்றில் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொள்ளும். டிராக்குக்கு மட்டும் ஜாக் இருப்பதால் சுக்கான் இல்லாமலும் சமாளிக்கலாம். போகும் இடத்தைப் பொறுத்து எல்லையும் கவனிக்க வேண்டும்: உபினின் வடக்கே மலேசிய எல்லை, புலாவ் தெக்கோங் ராணுவப் பகுதி, தெற்கே சூடோங், செனாங், பாவாய் தீவுகள் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிப் பகுதி. இவற்றில் வழிதவறி நுழைந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பொருத்தும் நேரம் பற்றி விளம்பரம் சொல்வதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். குழாய்ப் படகுக்கு முதல் தடவை ஒன்றரை மணி நேரம், பழகிய பிறகு 25 முதல் 40 நிமிடம். முதல் தடவையைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளாமல் வீட்டில் குளிர்சாதன அறையில் செய்து பார்ப்பது நல்லது. பாய் விரித்து அதன் மேல் உறையைப் போடுங்கள். முன் பாதிச் சட்டகத்தை இணைத்து காக்பிட் வழியாக முனை வரை தள்ளுங்கள், பிறகு பின் பாதி. இரண்டையும் நடுவில் சேர்த்து நெம்புகோலால் இறுக்கிய பிறகுதான் குறுக்குச் சட்டங்கள், பிறகு காக்பிட் விளிம்பு, கடைசியாகப் பக்கக் காற்றுக்குழாய்களை (உறையின் இரு பக்கமும் உள்ளே ஓடும் ஊதுகுழாய்கள்) ஊத வேண்டும். முதலிலேயே ஊதிவிட்டால் உறை பக்கவாட்டில் இறுகி, சட்டகம் முனை வரை போகாது. ஒரு பக்கம் முழுக்க ஊதிவிட்டு மறுபக்கம் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதுங்கள். நெம்புகோலை இறுக்கும் முன் படகைக் கவிழ்த்து வைத்து, பின்முனையில் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அடிக்குழாயின் முகடு உறையின் நடுப்பட்டைக்கு நேர் கீழே ஓட வேண்டும். ஒரு செ.மீ. விலகியிருந்தாலும் படகு நாள் முழுக்க ஒரு பக்கமே இழுக்கும். சுக்கான்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

காலையில் கெட்டியாக ஊதிய காற்றுக்குழாய் நண்பகல் மணலில் வெயிலில் கிடந்தால் வீங்கித் தையல் விட்டுப்போகும். கரையில் ஏற்றியதும் வால்வைத் திறந்து ஒரு மூச்சு வெளியே விடுங்கள். மறுபடி தண்ணீரில் இறங்கிய பிறகு ஊதிக்கொள்ளலாம்.

அலுமினியத்துக்கு எதிரி இரண்டு: மணலும் உப்பும். மணல் குழாய் இணைப்பில் புகுந்து இறுகும். அடிக்குழாய்க்கும் உறைக்கும் நடுவில் தங்கி, உப்புக் காகிதம் தேய்ப்பதுபோல் உறையை உள்ளிருந்தே அரிக்கும். உப்பு, குழாயும் துருவேறா எஃகு ஆணியும் சேருமிடத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்து இணைப்பைப் பூட்டிவிடும். வாரக்கணக்கில் பொருத்தியே வைத்திருந்த குழாய்களைப் பிரிக்க முடியாமல் போனால் சுத்தியலை எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, ரப்பர் கையுறை மாட்டி, இருவராக எதிரெதிர்த் திசையில் முறுக்கினால் பெரும்பாலும் வந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு குளியலறையில் எல்லாக் குழாயையும் தனித்தனியாக இணைப்பு வழியே தண்ணீர் ஓடக் கழுவி, காய்ந்த பின் போஷீல்டு போன்ற மெழுகு வகைப் பூச்சை மாதம் ஒருமுறை அடித்தால் போதும். சாதாரண டபிள்யூடி-40 சீக்கிரம் ஆவியாகிவிடும், அதை நம்ப வேண்டாம். உறையை உள்ளும் புறமும் கழுவி, பக்கக் காற்றுக்குழாய்களைப் பாதி ஊதி வையுங்கள். உறை விரிந்து நிற்கும், காக்பிட் வாயில் சிறு மேசை விசிறியை வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும். முனைகள் இரண்டிலும் தேங்கும் தண்ணீரைக் கடற்பஞ்சால் ஒற்றியெடுக்க மறக்காதீர்கள், பூஞ்சை அங்கேதான் தொடங்கும். காய்ந்ததை எப்போதும் ஒரே மடிப்பில் மடிக்காமல் தளரச் சுருட்டுங்கள்.

பழுதுப் பெட்டியில் டேர்-எய்டு ஒட்டு இருக்கட்டும், ஆனால் வகை பார்த்து வாங்குங்கள்: பிவிசி உறைக்கு பி வகை, மற்றவற்றுக்கு ஏ வகை. மாற்றி வாங்கினால் நடுக்கடலில் உரிந்து வரும். வளைந்த குழாயைத் தாங்க, அதன்மேல் நுழையும் அளவுக்கு ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டு, நாலைந்து கேபிள் டை, சாம்பல் டேப். துடுப்பு நாலு துண்டாகப் பிரிவதாக, 62 செ.மீ. அகலப் படகுக்கு 220 செ.மீ. நீளத்தில். கவிழ்ந்தபின் ஏற உதவும் துடுப்பு மிதவையும் அதே பையில்.

பழைய ஃபெதர்கிராஃப்ட் கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடாதீர்கள். விஸ்பர் வகை 4.8 மீட்டரை ஒட்டி, 17 கிலோதான். உங்கள் தேவைக்கு இன்று விற்கும் புதுப்படகுகளைவிட அதுவே பொருந்தும். உதிரிபாகம் கம்பெனியிலிருந்து வராது என்பதால் பார்த்து எடுக்க வேண்டும். விற்பவரைப் பொருத்திக் காட்டச் சொல்லாமல் உங்கள் கையாலேயே பொருத்துங்கள். இல்லாத துண்டு அப்போதுதான் தெரியும். எல்லாக் குழாயும் கையால் கழல்கிறதா, இணைப்பில் வெள்ளைப் பொடி இருக்கிறதா, உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எலாஸ்டிக் கயிறு மலிவு, நாமே மாற்றலாம். வளைந்த அடிக்குழாய் அப்படியில்லை. உறையின் அடி நடுக்கோட்டைக் கட்டைவிரலால் முனை முதல் முனை வரை தடவுங்கள். பூச்சு தேய்ந்து துணி இழை தட்டுப்படுகிறது என்றால் அங்கே புதுப்பட்டை ஒட்ட வேண்டும், விலையில் குறைக்கச் சொல்லலாம். மேல்தளத்தின் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்தால் வாங்காதீர்கள், அதற்கு மருந்தில்லை. பக்கக் காற்றுக்குழாய்களை ஊதிவிட்டு ஒரு இரவு வைத்துப் பார்க்க விற்பவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் ஒரு மணி நேரமாவது, வால்வில் சோப்பு நீர் தடவி.